டிரைபாட் போட்டும் படம் ஷேக் ஆகிறதா? சிறிய கேமராவுக்கான பயண டிரைபாட்: அறிகுறி வாரியாகக் கோளாறும் தீர்வும்

ரிக்கோ ஜிஆர் 3 கேமரா பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது மாடல் 302 கிராம். இதைத் தாங்க எந்தக் குச்சி டிரைபாட்டும் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தாங்குவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஷட்டர் திறந்திருக்கும் அரை விநாடி, ஒரு விநாடி நேரத்துக்கு அசையாமல் நிற்க வேண்டுமே, அங்கேதான் லேசான டிரைபாட்கள் கோட்டை விடுகின்றன. கேமராவும் லேசு, காலும் லேசு. விரல் பட்டாலும் காற்று பட்டாலும் எதிர்த்து நிற்க எடையே இல்லை.

நான்கு துண்டுக் கால் உள்ள டிரைபாட்டில் ஒரே ஒரு காலைத் தரையிலிருந்து கேமரா வரை எண்ணிப் பாருங்கள். ரப்பர் பாதம், மூன்று லாக், காலின் மேல் மூட்டு, நடுத்தண்டின் லாக், ஹெட்டின் (கேமராவைத் திருப்பிப் பூட்டும் தலைப்பகுதி) அடிப்பாகம், பால் (ஹெட்டுக்குள் சுழலும் உருண்டை), பிளேட்டை (கேமராவின் அடியில் மாட்டும் தட்டு) பிடிக்கும் கவ்வி, பிளேட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே உள்ள திருகு. மொத்தம் பத்து இணைப்புகள். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் படம் போச்சு. எது தளர்ந்தது என்று தெரியாமல் டிரைபாட்டை மாற்றினால், புதியதிலும் அதே இடத்தில்தான் போய் மாட்டிக்கொள்வோம். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் முறுக்கினால் சரியாவது எது, வாங்கும்போதே தப்பாகிப்போனது எது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறோம்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

சிமென்ட் அல்லது டைல்ஸ் தரையில் டிரைபாட்டை முழு உயரத்துக்கு விரியுங்கள். மூன்று மீட்டர் தள்ளி, பொடி எழுத்து அச்சடித்த தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை ஜூமின் கடைசி வரை கொண்டுபோங்கள். ஐஎஸ்ஓ குறைந்தபட்சம், ஷட்டர் 1/2 விநாடி. ஒருமுறை ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றி அப்படியே பூட்டிவிடுங்கள். இனி நான்கு விதமாக, விதத்துக்கு மூன்று படம்:

1. விரலால் நேராக ஷட்டரை அழுத்தி.
2. 2 விநாடி டைமரில்.
3. 10 விநாடி டைமரில்.
4. 10 விநாடி டைமரில், நடுத்தண்டை முழுக்க இறக்கி, கால்களின் ஆக மெல்லிய துண்டை உள்ளே தள்ளிவிட்டு.

கேமராத் திரையில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் வகை மட்டும் கலங்கியிருந்தால் டிரைபாட் நிரபராதி, விரல்தான் குற்றவாளி. முதல் இரண்டும் கலங்கி மூன்றாவது தெளிவாக இருந்தால், தொட்ட அதிர்வு அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகிறது என்று அர்த்தம். காலோ ஹெட்டோ எங்கேயோ தொளதொளப்பு. நான்காவதில் மட்டும் தெளிவு வந்தால், உங்கள் டிரைபாட்டின் கடைசி 20, 30 சென்டிமீட்டர் உயரம் வெறும் விளம்பர உயரம். நான்கும் கலங்கலா? டிரைபாட்டை விட்டுவிட்டுக் கேமராவைப் பாருங்கள். அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

அறிகுறி: 10 விநாடி டைமர் போட்டாலும் படம் கூர்மையாக இல்லை

முதலில் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். அது கையின் ஆட்டத்தைத் தேடிச் சரிசெய்யும் ஏற்பாடு. ஆட்டமே இல்லாத இடத்தில் வைத்தால் தன் சென்சாரின் சின்னத் தடுமாற்றத்தையே ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு லென்ஸையோ சென்சாரையோ நகர்த்தும். டிரைபாட்டில் இருப்பதைத் தானாகக் கண்டுபிடித்து ஓய்ந்துவிடும் கேமராக்களும் உண்டு. உங்களுடையது எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள எளிய வழி: ஆன் செய்து நான்கு படம், ஆஃப் செய்து நான்கு படம் எடுத்து ஒப்பிடுங்கள். இறங்கிக் கையில் பிடித்ததும் மறுபடி ஆன் செய்ய மறந்தால் அது தனிச் சோகம்.

அடுத்து அபர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித்துளை. இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. ஷட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று எஃப்/11 வரை மூடிவிடுவார்கள். 1 இன்ச் சென்சாரில் எஃப்/5.6 தாண்டினாலே ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் மென்மையாகத் தொடங்கும். எஃப்/11-ல் அது பளிச்சென்று தெரியும். பார்ப்பவருக்கு ஷேக் போலவே தோன்றும். வித்தியாசம் கண்டுபிடிக்க, படத்தில் ஒரு விளக்குப் புள்ளியைத் தேடுங்கள். ஷேக் என்றால் புள்ளி ஒரு திசையில் கோடாக இழுபட்டிருக்கும், அல்லது இரட்டையாக விழுந்திருக்கும். மூடிய அபர்ச்சரின் மென்மை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பஞ்சு போல இருக்கும். நீண்ட எக்ஸ்போஷர்தான் வேண்டும் என்றால் எஃப்/4 பக்கம் வைத்துக்கொண்டு, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுங்கள். சில சிறிய கேமராக்களில் அது உள்ளேயே இருக்கிறது, மெனுவைத் தேடிப் பாருங்கள்.

ஷட்டரின் சொந்த அதிர்வு நிலையான லென்ஸ் உள்ள சிறிய கேமராக்களில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை; லென்ஸுக்குள் இருக்கும் இலை ஷட்டர் அவ்வளவு மென்மையாக வேலை செய்யும். லென்ஸ் மாற்றும் சிறிய மிரர்லெஸ் என்றால் எலெக்ட்ரானிக் முதல் திரை என்ற வசதியை ஆன் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கலங்கினால், காலுக்குக் கீழே பாருங்கள். மரப்பாலம், மரத்தரை, வாகனம் போகும் மேம்பாலம், ஆள் நடக்கும் மொட்டை மாடித் தகரம், எல்லாம் தாமாகவே ஆடும். எந்த விலை டிரைபாட்டும் அதற்கு மருந்தில்லை. ஆள் நடக்காத இடைவெளியில் எடுங்கள், அல்லது தூணை ஒட்டிய இடத்துக்கு நகருங்கள்.

அறிகுறி: தொட்டால் ஆட்டம் அடங்க நேரமாகிறது

எவ்வளவு நேரம் என்று அளந்துவிடலாம். கேமராவில் ஃபோகஸ் பெரிதாக்கும் வசதியை 10 மடங்குக்குக் கொண்டுபோய், தூரத்து எழுத்து ஒன்றைத் திரையில் நிறுத்துங்கள். பென்சிலால் ஒரு காலின் நடுவில் லேசாகத் தட்டுங்கள். எழுத்து துள்ளும், நடுங்கும், பிறகு நிற்கும். ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணுங்கள். இரண்டுக்குள் நின்றால் நல்ல டிரைபாட். நான்கு, ஐந்து என்று போனால் 2 விநாடி டைமரை மறந்துவிடுங்கள். 5 அல்லது 10 விநாடிதான் உங்களுக்கு.

இனி அதே திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு இணைப்பாக விரலால் அமுக்கிப் பாருங்கள். பிளேட்டின் விளிம்பு, ஹெட்டின் கழுத்து, நடுத்தண்டின் மேல்பக்கம், கால் மூட்டு, கடைசித் துண்டு. எங்கே அமுக்கும்போது எழுத்து அதிகமாக ஓடுகிறதோ அதுதான் பலவீனமான கண்ணி. பெரும்பாலும் இரண்டு இடங்களில் ஒன்றாக இருக்கும்: உயர்த்திய நடுத்தண்டு, அல்லது கடைசித் துண்டுக் குழாய்.

குழாய் விஷயத்தில் கணக்கு இரக்கமே இல்லாதது. சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால், குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஐந்து துண்டுக் கால் ஒன்று 22 மி.மீ.-ல் தொடங்கி, துண்டுக்கு 3 மி.மீ. குறைந்து 10 மி.மீ.-ல் முடிகிறது என்று வையுங்கள். மேல் குழாயின் விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட அந்தக் கடைசிக் குழாய்க்குக் கிடையாது. அதையே நான்கு துண்டாக்கி 13 மி.மீ.-ல் நிறுத்தினால் கடைசிக் குழாயின் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. மடித்த நீளம் சில சென்டிமீட்டர் கூடும், அவ்வளவுதான். ஆகவே தேர்வு செய்யும்போது துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட ஆகக் கீழ்த்துண்டின் விட்டத்தைப் பாருங்கள். 12 மி.மீ.-க்குக் கீழே போனால் நாங்கள் வாங்கச் சொல்ல மாட்டோம், விளக்கப் பக்கத்தில் எவ்வளவு கிலோ தாங்கும் என்று போட்டிருந்தாலும்.

அந்த ‘தாங்கும் எடை’ எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒத்துக்கொண்ட ஒரே அளவுமுறை இதற்கு இல்லை. ஒருவர் 4 கிலோ என்பார், இன்னொருவர் அதே தடிமனுக்கு 10 கிலோ என்பார். உடையாமல் தாங்குவது வேறு, அசையாமல் நிற்பது வேறு.

கையில் இருப்பது மெல்லிய கால்தான் என்றால் செய்யக்கூடியது: மெல்லிய துண்டைக் கடைசியாக, தேவைக்கு மட்டும் இழுங்கள், உட்கார்ந்து எடுங்கள், கால்களை இரண்டாவது கோணத்துக்கு விரித்துத் தாழ்த்துங்கள். திரை மேல்நோக்கித் திரும்பும் கேமராவுக்கு இடுப்பு உயரமே தாராளம்.

நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. காற்றில் பை ஊஞ்சலாடினால் அந்த ஆட்டம் நேராகக் கேமராவுக்குப் போகும்; தொங்கவிடாமல் இருந்ததே மேல் என்றாகிவிடும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி கயிற்றின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். எடை பாதி கொக்கியில், பாதி தரையில். ஊசலாடாது. கழுத்துப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். லேசான கேமராவில் அது பாய்மரம் மாதிரி வேலை செய்யும்.

அறிகுறி: நடுத்தண்டை ஏற்றினால் தலை தனியாக ஆடுகிறது

ஏற்றாதீர்கள். நடுத்தண்டை 25 செ.மீ. ஏற்றிவிட்டால் அதற்குமேல் உங்களிடம் இருப்பது முக்காலி அல்ல, ஒற்றைக்கால். லாக்கை எவ்வளவு முறுக்கினாலும் அடிப்படை மாறாது. தண்டு இறங்கியிருக்கும்போதும் ஆடினால் மட்டும் லாக்கைத் திறந்து பாருங்கள்: உள்ளே உள்ள பிளாஸ்டிக் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது மணல் சிக்கியிருக்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய உயரம், தண்டு ஏற்றாத உயரம். பீக் டிசைன் பயண டிரைபாட்டின் விவரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள்: அதிகபட்சம் 152 செ.மீ., தண்டை ஏற்றாமல் 130 செ.மீ. அந்த இரண்டாவது எண்தான் உங்கள் உண்மையான உயரம். அதோடு ஹெட்டின் உயரத்தைச் சேர்க்க வேண்டுமா, ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். ஹெட் 8 முதல் 10 செ.மீ. சேர்க்கும். கண் மட்டத்துக்கு வ்யூஃபைண்டர் வரத்தான் வேண்டும் என்கிறவர்கள் தவிர, சிறிய கேமராக்காரர்களுக்கு 120 செ.மீ. போதும் என்பது எங்கள் கட்சி.

அறிகுறி: சட்டகத்தைச் சரியாக வைத்து இறுக்கினால், கையை எடுத்ததும் கேமரா தாழ்கிறது

இதில் இரண்டு வகை. கை எடுத்த உடனே சற்றே தாழ்ந்து அங்கேயே நின்றுவிட்டால் அது வளைவு: ஹெட்டின் கழுத்தோ பிளேட்டோ சுமைக்கு வளைந்து நிற்கிறது. மெல்ல மெல்ல, நிமிடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால் அது வழுக்கல். பிரித்தறிய, கை எடுத்த உடன் ஒன்று, ஒரு நிமிடம் கழித்து ஒன்று என இரண்டு படம் எடுத்து மாற்றி மாற்றிப் பாருங்கள்.

வளைவுக்குப் பழக்கம்தான் தீர்வு. எவ்வளவு தாழும் என்று பார்த்துவைத்துக்கொண்டு அந்த அளவு மேலே குறிவைத்து இறுக்குங்கள். பெரிய ஹெட்களிலும் கொஞ்சம் இது இருக்கத்தான் செய்யும்.

வழுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பால் மீது படிந்த எண்ணெய்ப் பசை. கையால் தொட்டுத் தொட்டுப் படியும். ‘இறுக்கமாக இருக்கிறதே’ என்று யாராவது எண்ணெய் விட்டிருப்பார்கள். பால் ஹெட்டுக்கு எண்ணெய் விடவே கூடாது. உராய்வுதான் அதன் தொழில். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சற்ற துணியால் பாலை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பித் துடையுங்கள், பத்து நிமிடம் உலரவிடுங்கள், மறுபடி சோதியுங்கள். அப்போதும் இறங்கினால், இறங்குவது பால்தானா என்று உறுதிசெய்யுங்கள். பாலின் கழுத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுங்கள். கேமரா தாழ்ந்தும் கோடு பிசகாமல் இருந்தால் பழி மேலே, பிளேட்டிலோ திருகிலோ.

கோடு பிசகியிருந்தால் ஹெட் சிறிது. நீளும் ஜூம் லென்ஸ் உள்ள கேமராவில் லென்ஸ் வெளியே வந்ததும் எடை முன்பக்கம் போகிறது. 18, 20 மி.மீ. பால் உள்ள பொம்மை ஹெட்கள் அங்கே திணறும். 25 மி.மீ.-க்குக் குறையாத உலோக பால் இருந்தால் 300 கிராம் கேமராவுக்குத் தேவைக்கும் அதிகம். பிளாஸ்டிக் உடம்பும் நீளமான கைப்பிடியும் உள்ள மூன்று திசை ஹெட்டைப் பயணத்துக்கு வாங்குவதில் அர்த்தமே இல்லை: கனமும் அதிகம், தொளதொளப்பும் அதிகம்.

அறிகுறி: செங்குத்துப் படத்துக்குத் திருப்பினால் டிரைபாட்டே சாய்கிறது

பால் ஹெட்டின் ஓரத்தில் ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பும்போது கழுத்து அதில் இறங்கும். இறங்கியதும் எடை முழுக்க அந்தப் பக்கம். அந்தப் பள்ளம் இரண்டு கால்களுக்கு நடுவே இருந்தால் சாயும். ஹெட்டின் அடியில் உள்ள சுழல் குமிழைத் தளர்த்தி, பள்ளத்தை ஒரு காலுக்கு நேர் மேலே கொண்டுவந்து பூட்டுங்கள். முடிந்தது. செங்குத்துப் படமே அதிகம் எடுப்பவர் எல் வடிவப் பிளேட் போட்டுவிட்டால் பள்ளத்துக்கே வேலை இல்லை, எடையும் நடுவிலேயே நிற்கும்.

அறிகுறி: கேமரா பிளேட்டின் மேல் சுழல்கிறது, அல்லது திருகு ஏறவே இல்லை

கேமராவின் அடியில் உள்ள துளை 1/4 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. ஹெட்டும் காலும் சேரும் இடத்தில் பெரும்பாலும் 3/8 அங்குலம், 16 புரி. திருகு துளைக்குள் தொளதொள என்று ஆடினாலோ, உள்ளே போகாமல் நின்றாலோ இந்த இரண்டும் மாறியிருக்கிறது. நடுவில் போடும் சிறு பித்தளைக் குழல் ஒன்று உண்டு, ஒரு நாணயத்தின் விளிம்பால் திருகி ஏற்றலாம், இறக்கலாம். பத்திரம், உருண்டு போனால் கிடைக்காது.

முறுக்கும்போது ‘டக்’ என்று நின்றுவிடுகிறது, ஆனாலும் கேமரா ஆடுகிறது என்றால் திருகு நீளம் அதிகம். கேமராவின் துளைக்குள் போகும் திருகு 4.5 மி.மீ. அளவுக்கு மேல் நீளக் கூடாது. மெல்லிய பிளேட்டோடு நீளத் திருகு சேர்ந்தால், திருகு துளையின் அடியில் முட்டி நிற்கும்; பிளேட் கேமராவை அமுக்கவே இல்லை. அதற்கு மேல் பலம் போட்டால் துளையின் அடி பெயர்ந்துகொள்ளும், செலவு கேமராவுக்கு. தற்காலிகமாக அரை மி.மீ. அல்லது ஒரு மி.மீ. ரப்பர் வாஷரை நடுவில் போடலாம். திருகு வேறு அளவில் வாங்குவதே நிரந்தரம்.

சுழலும் கேமராவுக்கு இன்னொரு காரணம், பிளேட்டின் ரப்பர் மெத்தை. வெயிலில் மெழுகுபோல் ஆகிவிட்ட மென் ரப்பர், இறுக்கிய பின்னும் நழுவும். அதை உரித்துவிட்டு மெல்லிய தக்கைத் தாள் ஒட்டினால் பிடிப்பு அருமையாக இருக்கும். சிறிய கேமராவில் பின்பக்கம் உதடு போல் மடிந்த பிளேட் இன்னும் நல்லது. ஒன்று மட்டும்: அந்த உதடு மடங்கும் திரையை மறிக்கிறதா என்று பாருங்கள்.

சிறிய கேமராக்களுக்கே உரிய தலைவலி பேட்டரி மூடி. துளையும் மூடியும் அடியில் அருகருகே இருப்பதால், பேட்டரி மாற்ற ஒவ்வொரு முறையும் பிளேட்டைக் கழற்ற வேண்டிவரும். வாங்கும் முன் தாளில் ஒரு பிளேட் வெட்டிப் பாருங்கள். ஆர்க்கா என்ற பரவலான வகைப் பிளேட்டின் அகலம் ஏறத்தாழ 38 மி.மீ. 38-க்கு 38 சதுரமாக வெட்டி, நடுவில் திருகுக்கு ஓட்டை போட்டு, கேமராவின் துளைமேல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். மூடி திறக்கிறதா? லென்ஸ் வெளியே வரும்போது பிளேட்டின் முன்விளிம்பில் உரசுகிறதா? எந்தத் திசையில் வைத்தால் இரண்டுக்கும் வழிவிடுகிறது? ஐந்து நிமிட வேலை இது. துளை ஓரத்தில் இருக்கும் கேமராவுக்கு, சதுரப் பிளேட்டைவிடத் திருகு நகரும் நீள்வெட்டு உள்ள பிளேட் வசதி.

அறிகுறி: கால் தானாக உள்ளே இறங்குகிறது

எல்லாக் காலையும் விரித்து, உச்சியில் இரண்டு கையையும் வைத்து உடம்பு எடையில் கொஞ்சம் அமுக்குங்கள். எந்தத் துண்டு இறங்குகிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

மடக்கு லாக் என்றால் லாக்கின் பக்கத்தில் சிறு நட்டோ அலன் ஸ்க்ரூவோ இருக்கும். கால்வாசிச் சுற்று முறுக்கி, மறுபடி அமுக்கிப் பாருங்கள். ஒரு விரலால் மூட முடிய வேண்டும். கட்டைவிரல் வலித்தால் முறுக்கியது அதிகம், லாக் விரிசல் விடும்.

திருகு லாக் என்றால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கால். லாக் வளையத்தை முழுக்கத் திருகி எடுத்து, உள்குழாயை வெளியே உருவுங்கள். குழாயின் மேல் நுனியில் அரைவட்டமாக இரண்டு பிளாஸ்டிக் சில்லுகள் ஒட்டியிருக்கும்; அவற்றின் சிறு மொட்டுகள் குழாயின் ஓட்டைகளில் அமர்ந்திருக்கும். எது மேல்பக்கம் என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவையுங்கள். எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சில்லுக்கோ குழாய்க்கோ கிரீஸ் படவே கூடாது. வளையத்தின் புரிகளுக்கு மட்டும் அரிசி அளவு கிரீஸ். சில்லு வெடித்திருந்தால் மாற்றுங்கள், தாள் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். லாக்கைத் திருகும்போது கால் முழுவதும் கூடவே சுற்றினால், மொட்டு ஓட்டையில் உட்காரவில்லை.

சரியாக இருக்கும் லாக்குக்குக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை போதும். அதற்கு மேல் முறுக்கினால்தான் நிற்கிறது என்றால் கோளாறு அப்படியே இருக்கிறது.

அறிகுறி: கால்கள் மேல் மூட்டில் தொங்குகின்றன; ஹெட் கழன்று சுழல்கிறது

டிரைபாட்டைத் தூக்கிப் பிடித்து ஒரு காலைப் பாதி விரித்து விடுங்கள். அங்கேயே நிற்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் மூட்டு போல்ட்டை முறுக்குங்கள். டிரைபாட்டோடு வந்த அலன் கீ இதற்குத்தான், தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புவோம். சில மாடல்களில் போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் சாவி வேண்டும், இல்லையென்றால் கூடவே சுழலும்.

கேமராவை இடப்பக்கமாகச் சுற்றும்போது ஹெட்டே தண்டிலிருந்து கழன்றால், ஹெட் உட்காரும் தட்டின் அடியைப் பாருங்கள். பொடி அலன் ஸ்க்ரூ ஒன்றோ மூன்றோ இருக்கும். ஹெட்டைக் கையால் இறுக ஏற்றிவிட்டு அவற்றை மேல்நோக்கி முறுக்குங்கள். பிறகு ஹெட்டைக் கழற்ற நினைக்கும்போது முதலில் இவற்றைத் தளர்த்த மறந்தால் ஹெட்டின் அடிப்பாகம் கீறும்.

அறிகுறி: லாக்கில் நறநற சத்தம்

மணல். அல்லது உப்பு. கடலோரம் போய்வந்த டிரைபாட்டை முழுக்க விரித்து நல்ல தண்ணீரில் கழுவி, விரித்தபடியே நிழலில் ஒரு நாள் உலரவிடுங்கள். மடித்து வைத்தால் உள்ளே ஈரம் நிற்கும், அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். தண்ணீரிலோ சேற்றிலோ நிறுத்தும்போது மட்டும் வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள்: ஆகக் கீழ்த்துண்டை முழுக்க முதலில் இழுங்கள். அப்போது அதன் லாக் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும், மணல் உள்ளே போகாது.

அறிகுறி: டிரைபாட் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டிலேயே இருக்கிறது

இதுவும் கோளாறுதான், அதுவும் முறுக்கிச் சரிசெய்ய முடியாதது. கனமோ மடித்த நீளமோ உங்கள் பைக்கு ஒத்துவரவில்லை. முதலில் பையின் உள்நீளத்தை அளந்து, அதற்குள் அடங்கும் மடிநீளத்தைத் தேடுங்கள். 40 செ.மீ.-க்குள் இருந்தால் பெரும்பாலான முதுகுப் பைகளில் போகும். கால்கள் 180 டிகிரி மேலே மடிந்து ஹெட்டைச் சுற்றி நிற்கும் வகை, ஹெட்டின் நீளத்தை மிச்சப்படுத்தும். ஆனால் விரிக்கவும் மடக்கவும் ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்கு அலுப்புப்படுகிறவர் நேராக மடியும் வகையை வாங்குவதே நல்லது.

கார்பனா அலுமினியமா? அந்தப் பீக் டிசைன் மாடலிலேயே அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் ஏறத்தாழ 1.3 கிலோ. கால் கிலோதான் வித்தியாசம். கார்பன் அதிர்வைச் சீக்கிரம் அடக்கும், குளிரில் கையைச் சுடாது. ஆனால் கூர்முனையில் அடிபட்டால் வளையாமல் விரிசல் விடும். மெல்லிய கார்பன் காலைவிடத் தடித்த அலுமினியக் கால் நன்றாக நிற்கும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் தடிமனுக்குக் கொடுங்கள்.

இன்னொரு வழி, நின்ற உயரமே வேண்டாம் என்று முடிவெடுப்பது. ஜோபியின் கொரில்லாபாட் 1கே, மேன்ஃபிராட்டோவின் பிக்ஸி இரண்டுமே 1 கிலோ வரைக்கும் என்று அறிவிக்கப்பட்டவை. 300 கிராம் கேமராவுக்கு ஏராளம். மேசை, திண்ணை, பாறை, சுவர் எது கிடைத்தாலும் அதன்மேல் வைக்கலாம். வளையும் கால் கம்பியைச் சுற்றிக்கொள்ளும், ஆனால் ஆட்டம் அடங்க நேரமாகும்; விறைத்த காலுள்ள குட்டி டிரைபாட் சுற்றிக்கொள்ளாது, ஆனால் உடனே நிற்கும். இரவுப் படம் அதிகம் என்றால் இரண்டாவதை எடுங்கள்.

புதியது வாங்கத்தான் வேண்டும் என்றால், கையில் எடுத்ததும்

உங்கள் கேமராவையே கொண்டுபோங்கள். நடுத்தண்டை ஏற்றாமல் எல்லாக் காலையும் முழுக்க விரியுங்கள். ஹெட்டைப் பிடித்து வலமும் இடமும் முறுக்கிப் பாருங்கள். கால்கள் கயிறுபோல் முறுகினால் வைத்துவிட்டு வாருங்கள். உச்சியை அமுக்கிப் பாருங்கள். கேமராவை மாட்டி, ஜூமைக் கடைசிக்குக் கொண்டுபோய், 10 மடங்கு பெரிதாக்கித் தட்டி எண்ணுங்கள். செங்குத்தாகத் திருப்பி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு மூன்று ரப்பர் பாதத்தையும் கழற்றிப் பாருங்கள். புரி போட்ட பாதம் என்றால் தேய்ந்தாலோ தொலைந்தாலோ மாற்றலாம்; குழாய்க்குள் வெறுமனே செருகி ஒட்டியிருந்தால், முதல் சேற்றிலேயே ஒன்று உள்ளே நின்றுவிடும், மூன்று காலும் மூன்று உயரமாகிவிடும்.